உனக்கு விழுந்த திட்டு

இன்று காலை சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் மாம்பழக் கூழ் ஆலைகளின் வாசனை உள்ளே வந்தது. பழுத்தது, புளித்தது, வெந்தது எல்லாம் கலந்த அந்த வாசனை உனக்குப் பிடிக்கும், எனக்குக் குமட்டும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "மாம்பழ வாசனைக்கே மூக்கப் பொத்திக்கினா எப்டிம்மா?" என்றாள். நீயும் இதையேதான் கேட்பாய், தெலுங்கில். உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

உனக்குத் தமிழ் படிக்க வராது. பேசுவதே அரைகுறை. அதனால் இதில் உன்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம். நீ உயிரோடு இருந்திருந்தால் யாரையாவது பிடித்து வாசித்துக் காட்டச் சொல்லியிருப்பாய். வாசிக்க வந்தவரும் பாதியிலேயே உன் கட்சிக்குப் போயிருப்பார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்மேல் எனக்குப் பொறாமை. டெங்குக் காய்ச்சலில் நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வரப்போகிறது. இன்னும் கொஞ்சமும் குறையவில்லை. செத்தவர்கள்மேல் பொறாமைப்படக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். அம்மாவுக்கு உன்னைத் தெரியாது.

திருப்பதியில் அந்த இளைஞர் குழுவின் பயிற்சியில்தான் நாம் சந்தித்தோம். நீ திருப்பதிக்காரி, தெலுங்கு. நான் நகரிப் பக்கத்துத் தமிழ். புத்தலப்பட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊருக்கு நம் இருவரையும் அனுப்பினார்கள். வேலூருக்கு அந்தப் பக்கத்து முகாமிலிருந்து ஏழெட்டு இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் மாம்பழ சீசனுக்கு வேலை தேடி வந்து, ஊர்க்கோடியில் பழைய கோழிப்பண்ணை ஷெட்டில் தங்கியிருந்தார்கள். ஆலையில் பழம் நறுக்கும் வேலையை மேஸ்திரி அவர்களுக்குக் கொடுத்துவிட்டான் என்று ஊர்ப் பெண்களுக்கு எரிச்சல். குழாயடியில் ஊர்ப் பையன்கள் ஷெட்டுப் பெண்களைக் கெட்ட வார்த்தையில் பேச, முகாமில் பிறந்து வளர்ந்த பையன்கள் அடிக்கப் போக, ஊர்ப் பையன்களில் ஹரி என்பவனுக்கு மண்டை உடைந்தது. இரண்டு பக்கமும் சமாதானமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. அகதிகளோடு பேச நான், ஊரோடு பேச நீ என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

எனக்கு அந்தப் பங்கீடு ரொம்பப் பிடித்திருந்தது. அவர்களும் தமிழ், நானும் தமிழ். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். முதல் நாள் ஷெட்டு வாசலில் நின்று, "எல்லாரும் துன்னாச்சா?" என்று கேட்டேன். புஷ்பமக்கா, அவர்களில் மூத்தவள், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "ஓம் பிள்ளை, சாப்பிட்டாச்சு. நீங்கள் இருங்கோ," என்று நாற்காலி போட்டாள். நாற்காலி போட்டுவிட்டால் அப்புறம் நீங்கள் விருந்தாளிதான். நீ பின்னாலேயே வந்தாய். "அக்கா, நாக்கு ஆகலி. சோறு உந்தா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாய். உனக்குப் பசி என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. தட்டில் சோறும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. அன்றிலிருந்து நீ "எங்கட பிள்ளை". நான் கடைசிவரை "அந்த ஒபிஸ் பிள்ளை". எனக்கு ஆபீஸே கிடையாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

நான் படம் வரைந்த அட்டைகள் கொண்டுபோனேன், வாலிபால் போட்டி வைத்தேன். போட்டி சண்டையில் முடிந்தது. நீ ஒன்றுமே செய்யவில்லை. ஷெட்டில் கிண்ணத்தில் சம்பல் வாங்கி வந்து, நாம் தங்கியிருந்த முனிரத்தினம் மாமா வீட்டில் கொடுப்பாய். அத்தை கிண்ணத்தைச் சும்மா திருப்பித் தரக் கூச்சப்பட்டு ஆவக்காய் ஊறுகாய் போட்டுத் தருவாள். அதை ஷெட்டுக்குக் கொண்டுபோவாய். கடைசியில் எது யார் வீட்டுக் கிண்ணம் என்றே தெரியாமல் போனது. மாதாந்திர அறிக்கையில் இதை என்னவென்று எழுதுவது என்று நான்தான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ராப்பகலாய் உழைத்தது நான், பேர் வாங்கியது நீ.

என் கணக்கில் உருப்படியாக ஒன்றே ஒன்று இருந்தது. தலையில் கட்டோடு திரிந்த ஹரியையும் அவன் கூட்டாளிகளையும் விடாமல் துரத்தித் துரத்திப் பேசினேன். ஒரு நாள் கங்கம்மா கோயிலில் கற்பூரம் ஏற்றி, "ஷெட்டு ஆளுங்கள ஒரு வார்த்த தப்பா பேச மாட்டோம்க்கா," என்று சத்தியம் செய்தார்கள். சொன்னபடியே நடந்துகொண்டார்கள். குழாயடி அடங்கியது. அது முழுக்க முழுக்க என் வெற்றி, உன் கை அதில் படவில்லை. அன்றைக்கு எனக்கு இரட்டை சந்தோஷம்.

அப்புறம் கங்கம்மா திருவிழாவான ஜாத்திரை வந்தது. ஒரு சாயங்காலம் தெருத் தெருவாகப் பறையடித்துச் சாட்டினார்கள். சாட்டிவிட்டால் ஜாத்திரை முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, வெளியாட்கள் ஊருக்குள் தங்கக் கூடாது. நாம் மாமா வீட்டு ஆட்களாகக் கணக்கில் வந்தோம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும் என்று புஷ்பமக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். போய்விட்டு வரலாமே என்றால் முடியாது. சீசன் உச்சத்தில் ஆள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளிடம் கத்தியைக் கொடுத்துவிடுவான். அந்த வருஷப் பிழைப்பு அதோடு போச்சு. "வந்த வழியே திரும்பிப் போறது எங்களுக்குப் பழகினதுதானே பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே புஷ்பமக்கா பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

நான் முனிரத்தினம் மாமாவிடம் போனேன். ஊரில் அவர் சொன்னால்தான் நடக்கும். மனிதாபிமானம், உரிமை, விருந்தோம்பல் என்று தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், உனக்கே தெரியும். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் யாரும்மா போ, இருன்னு சொல்ல? யார் ஊராளுங்கன்னு ஆத்தா சொல்றாளோ அவங்க இருந்துக்கட்டும்," என்றார். தட்டிக் கழிக்கிறார் என்று எனக்குக் கோபம். நீ சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

மறுநாள் காலை வேஷக்காரர்கள் வந்தார்கள். உடம்பெல்லாம் சுண்ணாம்பும் கரியும், இடுப்பில் வேப்பிலை. வீடு வீடாக நின்று திட்டினார்கள். எங்கள் பக்கம் இந்தப் பழக்கம் கிடையாது, கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள். கிழவர்கள்கூடக் கைகூப்பி நின்று வாங்கிக்கொண்டார்கள். வாசலில் நின்றிருந்த எனக்கும் ஒன்று விழுந்தது. முகம் முழுக்கச் சுண்ணாம்போடு ஹரி, "ஏய் வாயாடிக் கழுத," என்று என்னை ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

கூட்டம் ஷெட்டை நெருங்கியபோது, சத்தியம் நிற்குமா என்று பார்க்க நாமும் பின்னாலேயே போனோம். அங்கே வாசல் தெளித்து, சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு பெண்கள் நின்றிருந்தார்கள். குழந்தைகள் வேஷம் பார்க்க முண்டியடித்தன. வேஷம் போட்டிருந்த ஹரியும் கூட்டாளிகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஷெட்டைக் கடந்து போய்விட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது. வாக்குக் கொடுத்தால் இப்படியல்லவா காப்பாற்ற வேண்டும் என்று உன்னைத் திரும்பிப் பார்த்தேன்.

உன் முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஏமி சேசாவே நுவ்வு?" என்றாய். என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. நீதான் மூச்சிரைக்கச் சொன்னாய். வேஷக்காரன் வாயில் வருவது ஆத்தாள் பேச்சு. அவள் பிள்ளைகளைத்தான் அவள் திட்டுவாள். திட்டு விழுந்த வீடு ஊர் வீடு, விழாத வீட்டுக்காரர்கள் வழிப்போக்கர்கள். மாமா முந்தின நாள் சொன்னது அதுதான். நான் வாங்கிய சத்தியம் அந்த ஏழெட்டுக் குடும்பத்தையும் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டது.

செருப்புகூடப் போடாமல் ஓடினாய். ஹரியின் கையைப் பிடித்து, "ராரா, ஒச்சி திட்டு," என்று, வந்து திட்டச் சொல்லி இழுத்தாய். அவன் அசையவில்லை. "மாட்டேன்க்கா. அந்த அக்காகிட்ட சத்தியம் பண்ணிக்கீறோம்," என்று என்னைக் காட்டினான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதையும் உனக்காக நான் என் வாயாலேயே தூக்கிப் போட வேண்டியிருந்தது. "சத்தியம் இல்ல, ஒண்ணும் இல்ல. போய்த் திட்டுங்கடா," என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துக்கம் இல்லை, பொறாமைதான்.

கூட்டம் திரும்பியது. நீ முன்னால் ஓடி, "அக்கா, இப்புடு இவன் திட்டுவான். கோபம் ஒத்து, வேணாம். ஆத்தா திட்டு," என்று பெண்களிடம் கும்பிட்டுக் காட்டினாய். ஹரி வாசலில் நின்றான். மண்டை உடைந்த இடத்தைத் தடவிக்கொண்டான். பிறகு, "கடலத் தாண்டி வந்த கருவாட்டுக் கூட்டமே," என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், அப்புறம் நிறுத்த முடியவில்லை. தன் மண்டையை உடைத்தவனைத் தனியாகப் பெயர் சொல்லித் திட்டினான். அந்தப் பையன் கைகூப்பியபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். புஷ்பமக்கா இடுப்பிலிருந்த பேரனை முன்னால் நீட்டினாள். "இவனை விட்டிட்டாய் தம்பி. இவனையும் ஒருக்காப் பேசு," என்றாள். அவர்கள் தமிழில் பேசுவது என்றால் திட்டுவது.

கடைசியில் ஹரி உன் பக்கம் திரும்பினான். "நடுவுல ஓடிக்கினு கீற ஊர்மேயிற குதிர" என்று தொடங்கி உன் நடை, உன் தமிழ், உன் பசி, நீ தூக்கித் திரிந்த கிண்ணம் என்று ஒன்றையும் விடவில்லை. ஊரே வாய்விட்டுச் சிரித்தது. எனக்கு ஒரு வரி, உனக்கு ஒரு புராணம். திட்டிலும் நீதான் முதல்.

சாயங்காலம் மாமா ஷெட்டுப் பக்கம் வந்து, கட்டிய மூட்டைகளைப் பார்த்து, "திட்டு வாங்கினவங்க எங்க போறீங்க? இனிமே போனாதான் தப்பு," என்று சொல்லிவிட்டுப் போனார். புஷ்பமக்கா மூட்டையை அவிழ்த்துவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு நாற்காலி போட்டாள்.

அதற்கப்புறம் வந்த மழையில்தான் உன்னைத் தூக்கிக் கொடுத்தோம். போன மாதம் ஜாத்திரைக்கு நான் மட்டும் போனேன். அந்தக் குடும்பங்கள் இந்த சீசனுக்கும் வந்திருக்கிறார்கள். வேஷக்காரர்கள் ஷெட்டுக்கு வந்தார்கள், எல்லாரையும் திட்டினார்கள், கிளம்பினார்கள். புஷ்பமக்கா ஹரியைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அந்தப் பிள்ளையைப் பேசாமல் போறியே தம்பி."

"அந்த அக்காதான் இல்லியே, ஆயா."

"இல்லாட்டி? அவள் எங்கட ஆள் இல்லையோ?"

ஹரி சுற்றிச் சுற்றிப் பார்த்தான். திட்டுவதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும். யாரும் கூப்பிடாமலே நான் போய் அவன் முன்னால் கைகூப்பி நின்றேன். வேறு யாராவது அங்கே போய் நின்றிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அவன் தெலுங்கில் ஆரம்பித்தான். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவளே என்றான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன திமிர் பிடித்தவளே என்றான். முகத்துச் சுண்ணாம்பு கண்ணீரில் கரைந்து வழிந்தது, அவன் நிறுத்தவில்லை. எனக்குரியதை அன்று காலை மாமா வீட்டு வாசலில் வழக்கம்போல் ஒரே வரியில் முடித்திருந்தான். உன்னுடையது முடியவே இல்லை. கை கடுக்கக் கும்பிட்டபடி, ஒரு வார்த்தை கீழே விழாமல் நான் வாங்கிக்கொண்டேன்.

அத்தனையும் என்னிடம்தான் இருக்கிறது. உனக்கு விழுந்ததுதான், உன்னுடையதுதான். தர மாட்டேன், போ.