தவறிய கேட்சுகள்

1958 ஆடி, சனிக்கிழமை இரவு

இல்லை, உடல் சூடு காரணமே இல்லை. அரையிறுதியில் அண்ணன் மூன்று கேட்சுகளை விட்டதற்குக் கிளப் முழுவதும் அதைத்தான் சொல்கிறது. இன்று அவனுக்கு எண்ணெய் தேய்த்து ஐந்தருவிக்கு இழுத்துப் போனார்கள். அம்மாவும் நானும் கூடப் போனோம்.

"தலைய நல்லாக் காட்டுலே. நாளைக்கு ஃபைனல்ல பந்து கையில ஒட்டணும்" என்று கேப்டன் கத்தினான்.

குளித்துவிட்டு வந்த அண்ணன், என்னைப்போல் பச்சைச் சேலை கட்டியிருந்த யாரோ ஒருத்தியிடம் கை நீட்டினான்.

"ஏட்டி, துண்டக் குடு."

அவள் மிரண்டு விலகினாள். நான் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

"மாப்பிளைக்கு அவசரத்தப் பாருலே!" எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

போன வாரம் என் மூக்குக்கண்ணாடியை விளையாட்டாகப் போட்டவன், வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போட்டுக்கிட்டே ஆடேன், அண்ணே."

"சோடாபுட்டின்னு கூப்பிடுவானுவ. சும்மா கெட."

நாளை செங்கோட்டை வேகப்பந்துக்காரனை முதலில் எதிர்கொள்பவன் அவன்தான். கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளம். பந்து முகத்துக்கு எழும்பினால்?

அவன் தூங்கிவிட்டான். என் கண்ணாடியைத் துடைத்து, அவன் பையிலிருந்த கையுறைக்குள் வைத்துவிட்டு வந்தேன்.