கால் மெஷினை யாரோ மாட்டுகிறார்கள்

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மேலப்பாளையத் தெரு முழுக்கச் சேறு. மெஷின் வந்து ஒரு வாரம் ஆகிறது.

இடுப்பில் பெல்ட், அதில் பேட்டரி. இடது தொடைக்கு ஒரு பட்டை, கெண்டைக்காலுக்கு ஒரு பட்டை. முட்டிக்குப் பக்கத்தில் மோட்டார். பக்கவாதம் வந்து இழுபடும் காலை அது தூக்கி முன்னால் வைக்கும். சாய்ந்தால் 'பீப்' என்று கத்தி முட்டியை இறுக்கும். துபாயிலிருந்து மகன் பேசி ஏற்பாடு செய்தது, வாடகைக்கு. வெறும் கைலியில் மாட்ட முடியாதாம். எனவே கால்சட்டை, அதன் மேல் மெஷின், அதன் மேல் கைலி. கண்ணாடியில் பார்த்தால் சரக்குக் கடத்துகிறவன் மாதிரி இருக்கிறேன்.

பிசியோ செல்வி வந்தாள். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து தினமும் பஸ்.

"இது உங்க நடையப் படிச்சுக்கிடும் பாய்."

படித்து யாரிடம் சொல்லும் என்று கேட்டேன். சிரித்தாள்.

வாசல்வரை நடந்தேன். நடந்தது நானா அதுவா, தெரியவில்லை.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. தனியாகத் தெருமுனை டீக்கடை. உளுந்தவடை. டாக்டர் தின்னக் கூடாது என்று சொன்ன வடை. வீட்டுக்கு வந்து உட்காரவில்லை, அடுப்படியிலிருந்து மனைவி சுலைகா:

"வடை சூடா இருந்திச்சா?"

எப்படித் தெரியும்? அவள் போனில் செல்வி ஏதோ ஏற்றிக் கொடுத்திருக்கிறாள், பார்த்தேன். நான் எங்கே போனாலும் மெஷின் போய் அங்கே சொல்லிவிடுகிறது போல. ஜவுளிக்கடையில் இத்தனை வருஷம், வேலையாட்களைக்கூட உளவு பார்த்தது கிடையாது. இப்போது என் இடுப்பிலேயே ஓர் ஆள்.

சாயங்காலம் காதர். பள்ளிக்கூடத்துச் சேக்காளி. முட்டி தேய்ந்ததிலிருந்து பள்ளிவாசலில் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வாரும் வே. நம்ம ஓரத்துல உமக்கும் ஒரு நாற்காலி போட்டாச்சு."

ஏதோ கல்யாணப் பந்தியில் இடம் பிடித்த மாதிரி சொல்கிறான். எனக்கு அந்த ஓரம் வேண்டாம். வரிசையில் நிற்க வேண்டும், தோளோடு தோள் இடிக்க. அவர்கள் குனியும்போது குனிந்து, நிமிரும்போது நிமிர்ந்து. மெஷினிடம் நான் கேட்பது அது ஒன்றுதான். பக்கவாதம் வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போகவில்லை.

நவம்பர் 13, வியாழன்

செல்வி முன்னால், தொழுகையில் குனிகிற மாதிரி ருகூவுக்குக் குனிந்து பார்த்தேன். கை முட்டியைத் தொடவில்லை, அதற்குள் 'பீப்'. முட்டியை இறுக்கிப் பின்னால் இழுத்தது. மல்லாக்க விழுந்திருப்பேன். செல்வி பிடித்துக்கொண்டாள்.

"நீங்க விழுதீயன்னு அது நெனச்சிட்டு பாய். இப்படிக் குனிவீயன்னு எனக்கே தெரியாதே."

"குனியாம எப்படிம்மா தொழ?"

"மாத்தி அமைக்கணும். சரியா வாரதுக்கு முந்தி உங்க மேல மாட்டிப் பாக்க மாட்டேன். விழுந்து இடுப்பு ஒடைஞ்சா யாரு பதில் சொல்ல?"

நாளை ஜும்ஆ என்றேன். நாளைக்கு ஆகாது என்றாள்.

சுலைகா கதவோரம் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவள். கவனிக்க வேண்டிய விஷயம்.

நவம்பர் 14, வெள்ளி

மழை. பாங்கு கேட்டது. தெரு முழுக்கக் குடைகள் பள்ளிவாசலுக்குப் போவதை ஜன்னலில் பார்த்தேன். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து மதியத் தொழுகை, லுஹர். அழுதேன்.

பக்கத்தில் சுலைகா. ருகூவுக்குக் குனிந்தால் இவள் லேசில் நிமிர மாட்டாள். நான் முடித்துச் சலாம் சொன்னபோது இவள் பாதியில்தான் இருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான்.

நவம்பர் 17, திங்கள்

மதியம் மாத்திரைத் தூக்கம். எழுந்து மெஷினை மாட்டினால் தொடைப் பட்டை பத்தவில்லை. காலையில் நான் கழற்றியபோது இருந்த இடத்தில் பட்டை இல்லை, உள்ளே இழுத்து இறுக்கியிருக்கிறது. பேட்டரி காலையில் முழுசு, இப்போது பாதி.

யாரோ மாட்டியிருக்கிறார்கள். என்னைவிட ஒல்லியான ஆள்.

சுலைகாவைக் கேட்டேன்.

"வேர்வ நாத்தம். பட்டையத் தொடச்சேன்."

துடைத்தால் பேட்டரி இறங்குமா?

நவம்பர் 18, செவ்வாய்

தூங்குவதுபோல் கிடந்தேன். குறட்டையும் விட்டேன். உள்ளறைக் கதவைச் சாத்தினார்கள். மோட்டார் சத்தம். 'பீப்'. கொஞ்சம் பொறுத்து மறுபடி 'பீப்'. செல்வி குரல்: "இன்னும் பைய. வலிக்கா?" யாரோ முனகினார்கள். பெண் முனகல்.

எழுந்து போய்க் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். எழுந்து போக மெஷின் வேண்டும். மெஷின் அவர்களிடம். குறட்டையைத் தொடர்ந்தேன்.

அப்புறம் தேடினேன். பட்டையில் ஒரு முடி. நீளம், நரை, மருதாணிச் சிவப்பு. எனக்குத் தலையில் முடியே கிடையாது. செல்விக்குக் கறுப்பு. எதிர்வீட்டு ஆயிஷாவாகத்தான் இருக்கும். அவளும் மருதாணி, இடுப்பு வலி என்று புலம்புகிறவள். நான் தூங்கும்போது என் மெஷினை ஊருக்கே வாடகைக்கு விடுகிறார்கள். மகன் கூப்பிட்டால் சொல்லிவிட வேண்டியதுதான்.

நவம்பர் 20, வியாழன்

சுலைகா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"படியில இடிச்சுக்கிட்டேன்."

எங்கள் வீட்டில் படி எங்கே இருக்கிறது?

செல்வி வந்ததும், "குனிஞ்சு பாருங்க பாய்" என்றாள். பயந்துதான் குனிந்தேன். கத்தவில்லை. முட்டியைப் பைய விட்டுக்கொடுத்தது, தாங்கி நின்றது, பைய நிமிர்த்தியது.

"யார் மேல மாட்டிப் பாத்த?" என்று கேட்டேன்.

செல்வி சுலைகாவைப் பார்த்தாள். சுலைகா பால் பொங்குது என்று உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை. நான் இங்கிருந்தே பார்க்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

வெயில். கைகால் முகம் கழுவி ஒளூ செய்து, வெள்ளைச் சட்டை. ஆட்டோவில் பள்ளிவாசல். காதர் நாற்காலியைத் தட்டிக் காண்பித்தான். தாண்டிப் போனேன். நின்றும் குனிந்தும் தொழலாம், நெற்றியைத் தரையில் வைக்கிற ஸஜ்தாவுக்கு மட்டும் பின்னால் ஒரு முக்காலி வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லியிருந்தார். வரிசையில் நின்றேன். இரண்டு பக்கமும் தோள் இடித்தது. அல்ஹம்துலில்லாஹ்.

குனிந்தேன். 'பீப்' இல்லை. இமாம் நிமிர்ந்தார், வரிசை நிமிர்ந்தது. மெஷின் நிமிரவில்லை. பக்கத்தில் எல்லாரும் நிற்க, நான் மட்டும் குனிந்து, தரைவிரிப்பைப் பார்த்தபடி. இன்னும் ஒரு மூச்சு. அப்புறம்தான், யாருக்கும் அவசரமே இல்லை என்பதுபோல், என்னைத் தூக்கியது.

இந்த ருகூ எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாகப் பக்கத்தில் பார்க்கிறேன். ஆயிஷாவும் இல்லை, ஒருத்தியும் இல்லை.

என் மேல் மாட்டிப் பார்க்க மாட்டேன் என்றாள் செல்வி. அதனால் சுலைகா மாட்டிக்கொண்டு குனிந்து காட்டியிருக்கிறாள், மெஷின் இவள் ருகூவைப் படித்துக்கொண்டது. அந்த 'பீப்' எல்லாம் இவள் முட்டியை இறுக்கியது. நான் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன். ஸஜ்தாவுக்கு உட்கார்ந்தபோது கண்ணீர் நிற்கவில்லை. காதர் பார்த்துவிட்டான், பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து, "முட்டி எப்படி இருக்கு?" என்றேன்.

சோறு போட்டாள். குழம்பு ஊற்றும்போது தலை நிமிராமல்:

"கடைசி ஆளாத்தான் எந்திரிச்சிருப்பீய."

"ஆமா."

"செல்விட்ட சொல்லி வெரசாக்கச் சொல்லவா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.