ஒன்றாம் நம்பர் பட்டன்

ஞாயிறு, மதியம்

மகாராணியின் சொந்தக்காரருக்கு அவளுடைய சக்களத்தி எழுதிக்கொள்வது,

இங்கே நான், மாமா, நம் வாயாடி மகள் மூவரும் நலம். அங்கே உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ம், பரவால்ல" என்கிறீர்கள். செல்போன் கூடாத அந்த கேம்பின் பொது அறையில் பத்துப் பேர் போனுக்காகப் பின்னால் காத்து நிற்கும்போது மனுஷன் வேறென்ன சொல்வார்? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஒரு சேதி இருக்கிறது. கோபப்படாமல் படியுங்கள். நம் கார் மகாராணியை விற்றுவிடு என்று போன மாதம் சொன்னீர்கள் அல்லவா, அதற்காகக் காயலான் கடைக்குப் போனேன். விற்கப் போனவள் இன்னொரு காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். இருபது வருஷத்துக் கார், நாலு வருஷமாக ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னதுமே கடைக்காரர், "எவ்ளோ பெரிய பணக்காரர் வண்டியா இருந்தாலும் ஓடலன்னா இரும்புதாம்மா, அறுத்துடலாம்" என்றார். சொல்லிவிட்டு ஒரு மூலையைக் காட்டினார். அங்கே அதே மாடல், அதே கருநீலம். முகம் சப்பையாக நசுங்கிக் கிடந்தது. மறுநாள் அறுக்கப் போகிறாராம். சும்மா கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கீறல் இல்லை. டாஷ்போர்டில் பதித்த மரப் பட்டிகள் மினுங்குகின்றன, கண்ணாடிகள் ஏறி இறங்குகின்றன. நம்முடையது இதற்கு நேர்மாறு, வெளியே பளபளப்பு, உள்ளே அத்தனையும் நோய். இரண்டையும் சேர்த்தால் ஒரு வண்டி தேறும் என்று பட்டது. "ரெண்டையும் அறுக்க வேண்டாம், இதை என் வீட்டுக்கு அனுப்புங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டே அதைத் துடைத்தவள் நான். ஏன் இப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. விலையைக் கேட்காதீர்கள். நீங்கள் அவளைப் பழைய வண்டியாக வாங்கி வந்தபோது நான் கேட்டேன், பதில் வரவில்லை.

லாரி வந்து இறக்கியபோது மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, ஒருத்தியையே நம்மால வச்சுக் காப்பாத்த முடியல, தங்கச்சியையும் கூட்டிட்டு வந்துட்டியா" என்றார். அன்றிலிருந்து அதன் பெயர் தங்கச்சி. அக்காவுக்குத் தன் உடம்பைக் கழற்றிக் கொடுக்கப் போகிற தங்கச்சி, பாவம்.

துணி தைத்து, தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவளுக்குக் கார் என்ன தெரியும் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. மெஷின் என்றால் மெஷின்தான். இது கொஞ்சம் பெரிது, திமிர் கொஞ்சம் அதிகம். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும், எதைக் கழற்றினாலும் முதலில் அது இருக்கிற இடத்தைச் சுற்றித் தையல் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவேன். திரும்ப மாட்டும்போது ஒரு நூல்கூட விலகாது. வண்டி இப்போது வெட்டுவதற்கு வரைந்த துணி மாதிரி நிற்கிறது.

இன்னும் மூன்று வருஷம் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டீர்கள். போனில் சொன்னதுதான். உங்கள் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
கையெல்லாம் கிரீஸுடன்,
உங்கள் வீட்டுக்காரி


வெள்ளி, கடை அடைத்த பிறகு

என் அன்பான தொலைதூரக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மூன்று பக்கம். மூன்றும் வண்டியைப் பற்றி! நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கத் தோன்றாதவருக்கு, ரேடியேட்டர் எப்படி இருக்கிறது என்று இரண்டு இடத்தில் கேட்கத் தோன்றியிருக்கிறது. ரேடியேட்டர் நலம். கடைசியில் ஒற்றை வரி எழுதியிருக்கிறீர்கள், "நீ என் இஷ்டம் என்று சொல்லிவிட்டதில் ஒரு நிம்மதி" என்று. அந்த வரியை நான் நாலைந்து தடவை படித்தேன்.

வேலை நடக்கிறது. தங்கச்சியின் கதவு மோட்டாரை எடுத்து மாட்டியதில் டிரைவர் பக்கக் கண்ணாடி ஏறிவிட்டது. மரப் பட்டிகளை மாற்றியாயிற்று. காற்று வரும் குழாயில் எலி கூடு கட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தால் உங்கள் நீலக்கட்டம் போட்ட கைக்குட்டை, நூல் நூலாக. போகிற அவசரத்தில் எங்கேயோ தொலைத்தேன் என்று வீட்டைத் தலைகீழாக்கினீர்களே, அதுதான். "அப்பா கர்ச்சீஃப்ல ஒரு குடும்பமே நடந்திருக்கு" என்றாள் வாயாடி. அவள் போனில் வீடியோ பார்த்துச் சொல்கிறாள், நான் ஸ்பானர் பிடிக்கிறேன். நீங்கள் போகும்போது உங்கள் இடுப்புக்கு வந்தவள், இப்போது என்னைக் குனிந்து பார்க்கிறாள்.

திங்கட்கிழமை இன்ஜின் ஓடியது. சாவியைத் திருப்பினேன். மூன்று தடவை முனகியது, நாலாவதில் பிடித்துக்கொண்டது. மாமாவுக்குத்தான் இப்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காதே. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "ஓடுதும்மா" என்றார். நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய கை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அப்போதே தோன்றியது. ஆனால் உங்களுக்கு அது வேலை நேரம்.

ஒன்றுதான் மக்கர் செய்கிறது, டிரைவர் சீட். கூரைக் கண்ணாடியின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீரெல்லாம் சீட்டுக்கு அடியில் இறங்கியிருக்கிறது. சீட்டை நகர்த்துகிற மின்சாரப் பெட்டி துருப்பிடித்துச் செத்துவிட்டது. அதற்குள்தான் அந்த ஞாபகம் இருக்கிறதாம். வாங்கி வந்த அன்று பெருமையாகக் காட்டினீர்களே, பட்டனை அழுத்தினால் சீட்டும் கண்ணாடியும் தானாகவே ஆளுக்குத் தகுந்தபடி போய் நிற்கும் என்று. ஒன்றாம் நம்பரில் உங்களைப் பதிந்தீர்கள். இரண்டாம் நம்பரில் என்னைப் பதிய, வந்து உட்கார் உட்கார் என்று கெஞ்சினீர்கள். சக்களத்தி மடியில் நான் உட்கார மாட்டேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்கு அடுத்த வாரம்தான் உங்கள் கம்பெனியை மூடினார்கள்.

ஆக, சீட் நாலு வருஷமாக நீங்கள் கடைசியாக விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. ஒரு மயிரிழை நகரவில்லை. அதில் உட்கார்ந்தால் என் கால் பெடலுக்கு எட்டுவதில்லை. தோல் உங்கள் முதுகுக்குத் தகுந்தபடி குழிந்திருப்பது போல எனக்குத் தோன்றுகிறது. மதியம் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிஷம் அங்கே போய் உட்காருகிறேன். எதற்கு என்று வாயாடி கேட்டாள். வயரிங் யோசிக்கிறேன் என்றேன்.

மாத்திரை தவறாமல் போடுங்கள். அறையில் ஜன்னல் பக்கக் கட்டில் கிடைத்ததா? எழுதுங்கள். வண்டியைப் பற்றி அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
உங்கள்
வயரிங் யோசிப்பவள்


செவ்வாய்

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தில் கிண்டல் வரவில்லை. ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

சனிக்கிழமை பின்சீட்டில் குப்புறப் படுத்து, கையை டிரைவர் சீட்டுக்கு அடியில் விட்டு, செத்த பெட்டியைக் கழற்றினேன். தங்கச்சியின் பெட்டியை மாட்டினேன். பேட்டரியை இணைத்ததும் பட்டன்களில் விளக்கு எரிந்தது. ஒன்றாம் நம்பரை அழுத்தினேன். உங்களைத்தானே அதில் பதிந்திருந்தீர்கள், அதனால் என் விரல் நேராக அங்கேதான் போனது. சீட் நகர ஆரம்பித்தது. மெதுவாக, சத்தமே இல்லாமல், முன்னால் முன்னால் போய், மேலே எழும்பி, முதுகு நிமிர்ந்து, ஸ்டியரிங்கை ஒட்டி நின்றுவிட்டது. பக்கக் கண்ணாடிகள் யாரோ ஒருவருடைய கண்ணுக்காகக் கீழே திரும்பின.

தங்கச்சியை ஓட்டியவள் உயரம் குறைந்தவள் போலிருக்கிறது. எட்டிப் பார்த்த மாமா, "யாரோ பயந்து பயந்து ஓட்டின பொண்ணு" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்களுடைய ஒன்றாம் நம்பர் செத்த பெட்டியோடு போய்விட்டது. சீட் நின்ற இடம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதை நான் அழுத்தி அனுப்பிவிட்டேன். முதலில் 'செட்' பட்டனை அழுத்தியிருந்தால் பதிந்திருக்கும். அதுகூட வேண்டாம், சீட் ஓடுகிற தண்டவாளத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போதும். ஊசி மாற்றுவதற்குக்கூடக் கோடு போடுகிற நான், அதற்கு மட்டும் போடவில்லை. அது நகரும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நாலு வருஷமாக நகரவில்லையே.

திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். பின்னால் தள்ளினேன், சாய்த்தேன், இறக்கினேன். மாமாவை உட்கார வைத்தேன், உங்கள் உயரம்தானே அவர். "அப்பா இவ்ளோ கிட்ட உட்கார மாட்டாரு" என்றாள் வாயாடி. "இல்ல, கிட்டதான்" என்றேன் நான். இரண்டு பேருக்கும் சண்டை. சண்டை முடிந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. உங்கள் முழங்காலுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும்? ஊரில் யார் வந்து நின்றாலும் பார்த்த மாத்திரத்தில் தோள் அளவு சொல்கிறவள் நான். பத்தொன்பது வருஷப் புருஷனின் அளவு மறந்துபோய்விட்டது. வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

வாயாடி அதை உங்களிடம் போனில் உளறிவிட்டாள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "இதுக்குப் போயா? ஒரு சாணும் நாலு விரலும் விட்டு உட்காருவேன், அதை வச்சுப் பாத்துக்க" என்றீர்களாம். ஒரு சாண் என்று சொல்லிவிட்டீர்கள். யாருடைய சாண்? என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். என் சாண் வேறு, உங்கள் சாண் வேறு. அதை அளக்க உங்கள் கைதான் வேண்டும்.

அன்று சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டு, கையெழுத்து விஷயத்தில் அவனுக்கு என்னம்மா பதில் சொன்னாய் என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்று சொன்னதாகக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். "உங்க அத்தை ஒருநாள் காலைல 'உங்க இஷ்டம்'னா. நான் பாதி வழியில பஸ்ஸை டிப்போவுக்குத் திருப்பி, லீவு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அந்தப் பையனுக்கு இதைக்கூட நான் சொல்லித்தரலையே" என்றார்.

நாலு வருஷத்துக்கு முன்னால், போகட்டுமா என்று கேட்டீர்கள். அந்த வண்டியின் மேல் இருந்த கோபத்தில் அதையேதான் சொன்னேன். நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றபோதும் அதையேதான் சொன்னேன். போகாதீர்கள் என்று அர்த்தம் அதற்கு. உங்களுக்குப் புரியும் என்று நினைத்தேன். புரியாதவரிடம் புரியவில்லையே என்று கோபித்துக்கொண்டு, நாலு வருஷம் அந்த வண்டியைத் துடைத்திருக்கிறேன்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். இது கிடைக்க ஆறு நாள் ஆகலாம். அதனால் நேராக எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். இந்த முறை உங்கள் இஷ்டம் இல்லை, என் இஷ்டம். கடையில் இப்போது வேலை நிறைய வருகிறது, வாயாடிக்கும் மாமாவுக்கும் குறை இல்லை. நீங்கள் வந்து சும்மா இருந்தாலும் சரி. உங்கள் இடுப்பு வலி என் கண் முன்னால் வலிக்கட்டும்.

இரண்டாம் நம்பரில் என்னைப் பதிந்துவிட்டேன். நேற்று தெருக்கோடி வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தார். நன்றாக ஓடுகிறாள். இனி அவளைச் சக்களத்தி என்று சொல்வதில்லை.

ஒன்றாம் நம்பரில் இன்னும் அந்த உயரம் குறைந்த பெண்தான் இருக்கிறாள். அதை யாரும் தொடக் கூடாது என்று மேலே ஒரு சாக்பீஸ் வட்டம் போட்டிருக்கிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள். முன்னால் பின்னால் நகர்த்தி, சாய்ந்து, சாண் வைத்துப் பார்த்து, சரி என்று சொல்லுங்கள். 'செட்' பட்டனை நான் அழுத்துகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் நம்பரில் உட்கார்ந்திருக்கும்
உங்கள் மனைவி