பெயர் வாசிக்காமலே எழுந்து வந்தவள்

பேத்தியின் கல்லூரியிலிருந்து இன்று காலை கைப்பேசிக்கு ஒரு செய்தி. வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்டாதவர்கள் தேர்வு எழுத முடியாதாம். நாங்கள் கட்டிவிட்டோம். ஆனாலும் அதைப் படித்ததும், நீ போய் ஒரு வருடமாகிறது என்பதையே மறந்து உன்னைக் கூப்பிடப் பார்த்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாம் காஞ்சிபுரத்தில் பி.யு.சி. படித்தோம். உன் அப்பாவுக்கு வாலாஜாபாத்தில் அரிசி மில். என் அப்பா பட்டு நெய்பவர். சேலை தறியிலிருந்து இறங்கினால்தான் கூலி. அந்த ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி, மூன்று வாரம் தறி ஓடவில்லை. கட்டணம் கட்டவேண்டிய தேதி மட்டும் தவறாமல் வந்துவிட்டது.

வகுப்பில் கட்டணம் கட்டாத நான்கு பேரின் பெயர்களை வாசித்து வெளியே போகச் சொன்னார்கள். என்னுடையது இரண்டாவது. நோட்டை மூடிக்கொண்டு வராந்தாவில் போய் நின்றேன். பின்னாலேயே நீ வந்தாய். வகுப்பில் கேள்வி கேட்டால்கூடத் தலை நிமிராத நீ!

"உன் பேரை வாசிக்கலையேம்மா. உங்கப்பா மொதல் நாளே கட்டிட்டாரே?" என்றார் விரிவுரையாளர்.

"தெரியும் சார். இவ என்னவிட நல்லாப் படிக்கிறா. எங்கப்பாகிட்ட மில்லு இருக்குது, இவங்கப்பாகிட்ட இல்ல. அதுக்காகப் பாடம் எனக்கு மட்டுமா சார்?"

நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "உள்ள போ. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பாரு."

"அடிக்கட்டும்" என்றாய்.

மறுநாளும் நின்றாய். மூன்றாம் நாள் வகுப்பில் பாதி பேர் வராந்தாவில் இருந்தார்கள். முதல்வரே இறங்கி வந்து பார்த்துவிட்டு, எங்கள் நால்வருக்கும் தை வரை தவணை கொடுத்தார். எங்களைப் போலவே நீயும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாய், எதுவும் நடக்காததுபோல.

உன் அப்பாவுக்குத் தெரிந்தது. தேர்வு முடிந்ததும் படிப்பை நிறுத்தி, சித்திரையில் உனக்குக் கல்யாணம் பேசினார். பத்திரிகை வைக்க வந்தபோது அழுதது நான்தான். நீ சிரித்தாய். "நீ வெளிய நிக்கசொல்லோ நான் உள்ள ஒக்காந்து எழுதிக்கினு இருந்திருந்தா, அதுக்குத்தான் காலம் பூரா அழுதிருப்பேன்."

நான் படித்து, அதேபோல ஒரு கல்லூரியில் முப்பது வருடம் வகுப்பெடுத்தேன். பருவந்தோறும் அலுவலகத்திலிருந்து கட்டணம் கட்டாதவர்களின் பட்டியல் வரும். நான் ஒருமுறைகூட வாசித்ததில்லை. விளக்கம் கேட்டு ஓலை வரும். முதல்வர் அறைக்குப் போவேன். "உங்களுக்குப் பயமே இல்லையா மேடம்?" என்று இளையவர்கள் கேட்பார்கள்.

பயம்தான். போகும்போதெல்லாம் கால் நடுங்கும். வராந்தாவில் உனக்கும் நடுங்கியது. ஒட்டி நின்றதால் எனக்கு மட்டும் தெரியும்.