இரண்டும் இடது கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே நன்றாக இருப்பாய் என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுதுவேன். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை, நன்றாக இருக்கிறாயா என்று கேட்டே எழுதுகிறேன். இங்கே குளிர் போன வருஷத்தைவிட அதிகம், குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் சுரீரென்கிறது. உன் அக்காவின் சின்னவளுக்கு இருமல் விட்டபாடில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பத்து நாள் லீவு. மாடிப்படிக்குக் கீழே ஒழுகிக்கொண்டிருந்ததை அப்பாவே அடைத்துவிட்டார். அடைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி இப்போது ஒழுகுகிறது.

அப்பாவின் கடை உனக்குத் தெரியாததில்லை. ஷட்டரைத் தூக்கினால் தெருக் காற்று முழுக்க உள்ளேதான் வரும், சாவிகள் எல்லாம் பனிக்கட்டி மாதிரி இருக்கும். வெட்டின பல் சரியாக வந்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்க்கிற மனிதருக்கு நீ அனுப்பிய முழுக் கையுறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அது பீரோவில் உறையோடு அப்படியே இருக்கிறது. இந்தக் குளிரில் விரல் மரத்துப்போய் ஒரே வாரத்தில் இரண்டு சாவியைத் தப்பாக வெட்டிவிட்டார். ஒரு டீச்சரம்மா திரும்பி வந்து, உங்களை நம்பி வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன் என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அப்பா வாய்விட்டுக் கேட்டார், அவனுக்குப் பின்னினியே விரல் மூடாத கையுறை, அந்த மாதிரி எனக்கும் ஒண்ணு பின்னிக் கொடு என்று. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இது வேண்டும் என்று அவர் கேட்டது இதையும் சேர்த்து மூன்றோ நாலோதான் இருக்கும். உடனே கம்பளி நூல் வாங்கி வந்து, உனக்குப் பின்னியபோது எழுதிய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் எப்படிப் பின்னுவேன் என்று உனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை, இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தில் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒரு வரிசை முடிந்தால் ஆண்டவன் பெயரை ஒரு முறை சொல்லி நோட்டில் ஒரு கோடு போடுவேன். நாற்பத்திரண்டு கண்ணி, ஐம்பத்தாறு வரிசை, புறங்கையில் சடைப் பின்னல், இருபத்திரண்டாம் வரிசையில் உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரலுக்கு வழி, எல்லாம் அதில் இருக்கிறது. அதில் இருந்தபடியே ஒரு கண்ணி பிசகாமல் அப்பாவுக்குப் பின்னி முடித்து, மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கை துடைத்ததும் கொடுத்தேன். இடது கைக்குப் போட்டார், நன்றாக உட்கார்ந்தது. வலது கைக்குப் போட்டால் கட்டைவிரல் நுழையும்படி திருப்பினதும் சடை முழுவதும் உள்ளங்கைக்குள் போய்விட்டது. சாவியைப் பிடித்துப் பார்த்தார், உருண்டு வழுக்கியது. இரண்டையும் கழற்றி, ஒரே பூட்டுச் சாவிதானா என்று இரண்டு சாவியை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பாரே, அப்படி வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்துவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. “அச்சு அசலா ஒரே சாவி. ரெண்டும் இடது கைடி” என்றார். நானும்தான் சிரித்தேன். அந்தப் புத்தகத்தில் ஒரு கைக்குத்தான் படம் இருந்தது, மறு கைக்குத் திருப்பிப் போட வேண்டும் என்கிற புத்தி எனக்கு இல்லை.

சிரித்துக்கொண்டே இருந்தவர் கேட்டார், “அப்ப அவன் வலது கைக்கு எதைப் போட்டுட்டு இருக்கான்?” என்று.

நோட்டில் உன் கையுறைக் கணக்கு முடிகிற இடத்தில், தேதி போட்டு, நீ போனில் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ‘ரெண்டு கையிலயும் சடை மேல அழகா நிக்குதும்மா, அளவெடுத்த மாதிரி இருக்கு, ஆபீஸ்ல எல்லாரும் எங்க வாங்கினேன்னு கேக்கறாங்க.’ மறு வருஷக் குளிரிலும் கேட்டேன், தினம் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன் என்றாய். மூன்றாம் வருஷமும் அதையேதான் சொன்னாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ அதைக் கையில் மாட்டியிருந்தால் தெரிந்திருக்குமே. அம்மா, ரெண்டும் ஒரே கை என்று சொல்லியிருந்தால் நான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டு நாலு நாளில் வேறு பின்னி அனுப்பியிருப்பேன். உன் அக்கா உனக்குப் பரிந்துகொண்டு வருகிறாள், அவன் பொய் சொல்லலம்மா, உன் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னான் என்று. என் மனசை யாரப்பா கேட்டது. நான் கேட்டது அளவு சரியாக இருக்கிறதா என்று.

அப்பாவிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா. அவனுக்கு அனுப்பினதில் கடைசியில் ஒன்றைப் பிரித்து மாற்றிப் பின்னினேன், நோட்டில் எழுத விட்டுப்போச்சு என்றேன். காலையும் மாலையும் பிரார்த்தனை சொல்கிற வாயால் உனக்காகச் சொன்ன பொய் அது. அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “முப்பத்தொரு வருஷமா உன் நோட்டுல எதுவும் விட்டுப்போனதில்லையே” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் நம் கடையையும் சேர்த்துப் பெரிதாக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். கேட்கிறபோதெல்லாம் அப்பா, பையன் வரான் என்று ஒரே பதிலைத்தான் சொல்வார். கொடுத்துடாதீங்கப்பா, ரெண்டு வருஷத்துல வந்துடறேன், கம்ப்யூட்டர் பூட்டெல்லாம் வெச்சுப் பெரிசு பண்ணலாம் என்று நீ சொன்னதை வைத்துக்கொண்டுதான் மரத்துப்போன விரலோடு அந்த ஷட்டரைத் தினம் தூக்கிக்கொண்டிருந்தார். இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதிர் வரிசையில் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாடிக்கடைக்காரர் கெடு வைத்திருந்தார். கையுறை பார்த்த மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, கடையைக் கொடுத்துடறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன் என்றார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் உனக்காகப் பேசியிருப்பேன்.

வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டாயிற்று. அதற்குள் நான் வலது கைக்கானதைப் பிரித்துத் திருப்பிப் பின்னிக் கொடுத்திருந்தேன், அதை மாட்டிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக்கடைக்காரர், இது நல்ல வசதியா இருக்கே, கழட்டவே வேண்டாம்போல என்று சொன்னாராம். சாவி வெட்டுகிற மெஷின் இப்போது கூடத்தில் நீ படிக்கிற மேஜைமேல் துணி மூடி இருக்கிறது. அப்பா தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொள்கிறார், பிறகு உட்கார்ந்துகொள்கிறார். நீ நிஜமாகவே வருவதாக இருந்தாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. எதை நம்பி எதை விடுவது என்று எனக்கே தெரியாதபோது அவரை எப்படித் தடுப்பேன்.

இதோடு ஒரு கையுறை அனுப்புகிறேன், ஒன்றுதான், வலது கைக்கு. போன வாரமே முடித்தது, மூன்று முறை பிரித்துச் சரிபார்த்தேன். இதற்கு ஜோடி உன்னிடம் இரண்டு இருக்கின்றன, எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள். இரண்டும் இல்லையென்றால், தொலைத்துவிட்டாய், யாருக்கோ கொடுத்துவிட்டாய், உறையே பிரிக்கவில்லை, எதுவானாலும் சரி, அதை எழுது. இனி அப்பா உன்னைக் கடையைப் பற்றிக் கேட்க மாட்டார், நீயாகவே ஒரு முறை அவரோடு பேசு. காது மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, படுக்குமுன் ஒரு நிமிஷம் ஆண்டவனை நினை. கோபத்திலும் என் பிரார்த்தனையில் முதல் பெயர் உன் பெயர்தான், நோய் நொடி இல்லாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். மறக்காமல் பதில் போடு. அளவெடுத்த மாதிரி இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா