சூடு தரும் ஏசி

நவம்பர் 10, 2024, ஞாயிறு

அறையை அளந்தேன். பத்தேகால் அடிக்குப் பன்னிரண்டு. உயரம் பத்து. மேலே மொட்டை மாடி. ஒரு ஜன்னல், ஒரு கதவு.

வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ டீச்சர், தையக்காரன் கணக்கா அளக்குறியே. சட்டை எனக்கா, செவத்துக்கா?"

"ஏசி மாட்டணும்."

"ஐப்பசி மழையிலயா?"

"சூடு தர்ற ஏசி."

சிரித்தார். சிரிக்கும்போது தோள்வரைதான் குலுங்கும். மூன்று வருடத்தில் அது எனக்குப் பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

நவம்பர் 12

காலை ஆறு மணி. அறை 21. பாதம் 26.4.

காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியால் எடுத்தது. கொரோனா சமயத்தில் வாங்கியது. தொடாமலே பார்க்கலாம் என்பது இதில் ஒரு வசதி.

நவம்பர் 16, சனி

அவருடைய தங்கை அனுசுயா குச்சனூர் போய்விட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தாள். அண்ணனுக்கும் பூசிவிட்டாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, சூடு வேணும்னா அடுப்பு இருக்கு, குளுரு வேணும்னா ஏசி இருக்கு. ரெண்டையும் ஒரே பொட்டியில விக்கிறான்னா அவன் ஏமாத்துறான். படிச்சவுக நீங்களே போய் ஏமாறணுமா?"

"அது சூட்டை உண்டாக்காது, அனுசுயா. வெளியில இருக்கிறதை எடுத்து உள்ள வைக்கும்."

"வெளிய ஏது சூடு? நானே மப்ளரைச் சுத்திக்கிட்டு வந்திருக்கேன்."

கட்டிலிலிருந்து குரல்: "விடு ஆத்தா. ஒம்பதாப்புப் பிள்ளைகளுக்கே ஒரு வாரம் நடத்துறா. உனக்கு ஒரு வருசமாகும்."

நவம்பர் 17, ஞாயிறு

யாருக்காக இதை எழுதுகிறேன்? எனக்காகத்தான். முடிவெடுக்கும் முன் காரணங்களைத் தாளில் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

வாழைத்தார் லோடுக்குத் தார்ப்பாய் கட்டும்போது லாரி மேலிருந்து விழுந்தவர். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. தோளுக்குக் கீழே உணர்வு இல்லை. வெயிலில் வியர்க்காது, பனியில் நடுங்காது. அறை எப்படியோ உடம்பும் அப்படி ஆகிவிடப் பார்க்கிறது. "இனிமே ரூமைத்தான் அவரோட தோல்னு நெனச்சுக்கணும்" என்றார் மதுரை டாக்டர். கோடையில் ஈரத்துண்டும் ஃபேனுமாகச் சமாளித்தோம். மார்கழிக்கு அப்படி ஒரு வழி இல்லை.

சிவப்புக் கம்பி ஹீட்டர்: போர்வை பக்கத்தில் நெருப்பு. வேண்டாம். எண்ணெய் ஹீட்டர்: மின்சாரம் தின்னும், கோடையில் பயன் இல்லை. ஹாட் அண்ட் கோல்ட் ஏசி: ஒரு அறைக்கு ஒரு டன் போதும். இருப்பதில் விலை குறைந்ததாகப் பார்த்தால் கையில் உள்ளதற்குள் அடங்கும். இரண்டு பருவத்துக்கும் ஆகும்.

இன்னொரு வழியும் உண்டு. அது பரணில் கிடக்கிறது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

நவம்பர் 21

ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டிருந்தபோதே கழுத்திலிருந்து உச்சந்தலை வரை தீ. நாற்பத்தொன்பது வயதுக்கு இது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்கிறார்கள். வீட்டில் ஒருவருக்குச் சூடு தங்கவில்லை, இன்னொருத்திக்கு அடங்கவில்லை. பாதியைக் கொடுக்க முடிந்தால் இரண்டு பேருக்கும் சரியாக இருக்கும்.

நவம்பர் 23, சனி

தேனிக்குப் போனேன். பெரிய கடை. விற்பனையில் நின்ற தம்பி ரிமோட்டை எடுத்துக் காட்டினார்.

"பாருங்க மேடம், சூரியன் படம். இதை அமுக்குனா சூடு."

"போட்டுக் காட்டுங்க."

"டிஸ்ப்ளே பீஸ் மேடம்."

"காத்து வருதுல்ல? போடுங்க."

போட்டார். கையை நீட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். வெறும் ஃபேன் காற்று. பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். கூலிங் திறன் என்று ஓர் எண் இருந்தது. ஹீட்டிங் என்ற வரியே இல்லை. எல்லா மாடலுக்கும் ஒரே ரிமோட்டை அச்சடித்துப் போடுகிறார்கள். சூரியன் ரிமோட்டில் இருக்கிறது, மெஷினில் இல்லை.

பாவம், அவரும் அதை நம்பித்தான் விற்றிருக்கிறார். முகம் சிவந்துவிட்டது. "நம்ம பக்கம் யாரு மேடம் சூடு கேக்குறாக? குளுருன்னா ஒரு வெந்நீர்ப் பையைக் கால்மாட்டுல வச்சாப் போச்சு" என்றார்.

வெளியே வந்தேன். எந்தப் பஸ்ஸில் ஏறினேன் என்பது வீரபாண்டி தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

இந்த வருடம் ஜனவரி 11. பொங்கலுக்கு நாலு நாள் முன்பு. பாதம் ஐஸாக இருந்தது. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி இடது குதிகாலை ஒட்டி வைத்தேன். துண்டு நழுவியிருக்க வேண்டும். விடிந்து போர்வையை விலக்கியபோது தோல் பையோடு வந்தது. அவர் விழித்துத்தான் இருந்தார். ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார். தெரியவில்லை அவருக்கு.

வெப்பக் கடத்தல் பாடத்தை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன்.

ஆற ஏழு வாரம் ஆனது. ஒரு வார்த்தை அவர் என்னை ஏசவில்லை. அன்றிலிருந்து அவருடைய கால்களைப் பார்த்துக்கொள்வது நல்லகண்ணுதான். காலையும் மாலையும் வந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி விடுகிறவர். நான் துப்பாக்கியோடு ஒரு சாண் தள்ளி நிற்பேன். எண்ணை எழுதிக்கொள்வேன்.

அவ்வளவுதான்.

டிசம்பர் 1, ஞாயிறு

நல்லகண்ணு ஒருவரைக் கூட்டிவந்தார். ரபீக், உத்தமபாளையம். மூணாறு ஓட்டல்களில் சூடு தரும் ஏசியாகவே மாட்டியவர்.

"அக்கா, ஒன்றரை டன்னுன்னு யாராச்சும் தலையில கட்டுவாக, வாங்காதீக. இந்த ரூமுக்கு ஒண்ணே தாராளம். கம்பெனிப் பேரைப் பாக்காதீக. காயில் காப்பரான்னு பாருங்க, இன்வெர்ட்டரான்னு பாருங்க. போன வருச மாடல் ஒண்ணு பெட்டி பிரிக்காம இருக்கு, சல்லிசா வரும்."

"ஹீட்டிங் திறன் எவ்வளவுன்னு அந்த ஒட்டுத்தாளை போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்புறம் சொல்றேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். கட்டிலிலிருந்து: "கல்யாணத்துக்கு முன்னாடி என் மார்க் ஷீட்டையும் கேட்டு வாங்கிப் பாத்தவ தம்பி. அனுப்பிரு."

மாலையில் படம் வந்தது. ஹீட்டிங் என்று தனியாக ஒரு வரி, எண்ணோடு. வாங்கச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது. நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

அவுட்டோர் பெட்டியை ஜன்னலுக்கு வெளியே வைப்பதுதான் சுலபம் என்றார் ரபீக். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த ஜன்னல்லதான் தம்பி மேகமல தெரியுது. அங்கன ஒண்ணையும் வைக்காத." பின்சுவருக்குப் போனது.

உள்ளே இருக்கும் பெட்டிக்கு இடம் பார்க்கும்போது, காற்று நேராகக் கட்டிலில் விழக்கூடாது என்றேன். போர்வை விலகியிருந்தது. ரபீக் இடது குதிகாலைப் பார்த்துவிட்டார்.

"இது என்னண்ணே, சுட்ட தழும்பு மாதிரி இருக்கு?"

"அதுவா, பைக் சைலன்சர். எளவட்டத்துல ஓட்டுன ஓட்டம்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நல்லகண்ணு சட்டென்று வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது இப்போது பிறந்த பொய் இல்லை. தங்கையிடம், பார்க்க வருகிறவர்களிடம், எல்லோரிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார். பதினோரு மாதமாக.

மோசமான பொய். சைலன்சர் எங்கே குதிகாலில் படும்?

"சைலன்சர் இல்ல" என்றேன். என் குரல்தானா அது? "நான் வச்ச வெந்நீர்ப் பை."

ரபீக் ஒருமுறை கட்டிலைப் பார்த்தார், ஒருமுறை சுவரை. "அப்ப பெட்டிய தலைமாட்டுச் செவத்துல மாட்டி, காத்தைக் கதவுப் பக்கமா திருப்பி விட்ருவோம்க்கா. கால்ல அடிக்காது" என்று சொல்லி டிரில்லை எடுத்தார். அந்த மனிதருக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன்.

எல்லோரும் போனபின் சூரியனை அமுக்கினேன். சில நிமிடம் சும்மா இருந்தது. பிறகு வந்தது. வெதுவெதுப்பு. அறை 22... 24... 26. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

"ஏன் என்னை ஒரு வார்த்தை ஏசல?"

"ஏசுறதெல்லாம் உங்க அம்பாசமுத்திரத்துல. எங்க ஊர்ல வைவோம்."

கல்யாணமான புதிதிலிருந்தே இந்தக் கேலி உண்டு. நான் விடவில்லை.

"சரி. ஏன் வையல?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வைஞ்சிருக்கணும். வைஞ்சிருந்தா அன்னைக்கே அழுது தீத்திருப்ப. நான் பெரிய மனுசனாட்டம் பேசாம இருந்துட்டேன். நீ தொடுறதையே விட்டுட்ட. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தொட்டாத்தான் தெரியாது, டீச்சர். தொடலைன்னா தெரியுது."

போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

அவர்தான் முடித்துவைத்தார். "ஒருவாட்டி ஏசியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏசாம விட்டதுக்கு, ஏசியவே வாங்கி மாட்டிட்ட பாரு."

சிரித்தேன். சிரிப்பாகத்தான் தொடங்கியது.

டிசம்பர் 9

அறை 26. பாதம் 30.1. துப்பாக்கியால்தான். ஒரு நாளில் எல்லாம் மாறிவிடாது.

டிசம்பர் 14, சனி

அனுசுயா வந்தாள். கொல்லைப் பக்கம் கை கழுவப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

"மதினி! ஓடியாங்க! பொட்டியத் திருப்பி மாட்டிட்டான்! குளுரு பூராம் இங்கனதான் வருது!"

போய்ப் பார்த்தேன். அவுட்டோர் முன்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். தப்பில்லை, அப்படித்தான் வர வேண்டும், வெளிக்காற்றில் இருந்த சூட்டை உள்ளே எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுகிறது என்றேன்.

"இந்தப் பனிக்குள்ளயும் சூடு இருந்துச்சாக்கும்?"

"இருந்துச்சு."

அதன் முன்னால் கையை நீட்டிப் பார்த்தாள். "அப்ப உங்களுக்குள்ளயும் இருக்கும் மதினி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் எதுவும் தங்காது.

டிசம்பர் 22, ஞாயிறு

என் கட்டிலை அந்த அறைக்கே மாற்றினோம். ஒரு அறைக்குத்தானே ஏசி என்றேன் நல்லகண்ணுவிடம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார்.

26 எனக்கு அதிகம். ஜன்னல் ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

காலை ஆறு மணி. வெளியே பனி, மேகமலை தெரியவில்லை. அறை 26.

துப்பாக்கியில் பேட்டரி தீர்ந்து நாலு நாள் ஆகிறது. புதிது வாங்கவில்லை.

பாதம்: என் கையைவிடக் கொஞ்சம் குறைவு.