தக்காளிக் கூடையில் போன புத்தகங்கள்

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் நல்ல வெயில், நாலு மணிக்கு மேல் தூறல். பழைய கேள்வித்தாள்களை பைண்டிங்குக்குப் பிரித்து வைத்தேன். ஜெராக்ஸ் மிஷினில் மறுபடி பேப்பர் சிக்கல்.

ஐந்து மணிக்கு நூலகத்தைப் பூட்டும்போது கல்லூரிப் பேருந்து உள்ளே வந்தது. மூன்றாம் ஆண்டு நர்சிங் பிள்ளைகள். இந்த மாதம் முழுக்க விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில் பயிற்சி. காலையில் நான் திறக்கும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள்.

கௌசல்யா ஓடி வந்தாள். பனமலைப் பக்கத்துப் பெண். விவசாயக் குடும்பம், பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. யூனிபார்ம் பாதி நனைந்திருந்தது.

"நாங்க வர்றதுக்குள்ள பூட்டிக்கினு போயிடுறீங்க மேடம். வார்டுல தெனம் புதுசு புதுசா கேஸ் வருது. எத்தப் பாத்துப் படிக்கிறது?"

ஆன்லைனில் இருக்கிறதே என்றேன்.

"அது காலேஜ் வைஃபைல மட்டும்தானே மேடம் தொறக்குது."

மறுபடி கதவைத் திறந்து ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். திண்டிவனம் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு. வழியெல்லாம் அவள் கேட்டதுதான் மனதில்.

செப்டம்பர் 9, செவ்வாய்

புழுக்கம். பிரின்சிபால் மேடத்திடம் போனேன். நூலகம் அவர்களுக்கு எட்டவில்லை என்றால் புத்தகங்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"குழந்தைகள் செவிலியம் பெரிய புக்கையுமா?"

"அதுதான் மேடம் முக்கியமா வேணும்."

"புது எடிஷன், ஒரே காப்பி. தொலைஞ்சா இன்ஸ்பெக்‌ஷன்ல நான் என்ன சொல்றது ஜெசிந்தா?"

"நான் பொறுப்பு மேடம்."

"சரி, ஒரு வாரம் பாக்கலாம். ஒரு புக்கு வரலைன்னாலும் அதோட நிறுத்திடணும். அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

டிரைவர் வேலு அண்ணன் விடுதிச் சமையலறையிலிருந்து தக்காளிக் கூடை ஒன்று கொண்டுவந்தார். கழுவித் துடைத்து, தன் சீட்டுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். "காத்துக்கூட அசைக்காது மேடம்."

செப்டம்பர் 10, புதன்

நானும் பேருந்தில் போனேன். அசட்டு யோசனை! கூட்டேரிப்பட்டு தாண்டும் முன்பே எல்லோரும் தூக்கம். ஒருத்தி மட்டும் புத்தகத்தைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் மூடி ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டாள். "ஓடுற வண்டியில படிச்சா கொடலு பெரட்டுது மேடம்." விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது கூடையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

வார்டு சிஸ்டர் அமுதாதான் காப்பாற்றினார். "பஸ்ஸுல யாரு மேடம் படிப்பாங்க? பசங்க சாப்பிடுற ரூமுல ஒரு பெஞ்சு சும்மாதான் கெடக்குது, அங்க வைங்க."

மதியம் எட்டிப் பார்த்தேன். ஒரு கையில் எலுமிச்சை சாதம், ஒரு கையில் புத்தகம். இரண்டு பேருக்கு நடுவில் ஒரு புத்தகம், சண்டை. கௌசல்யா ஆங்கில வரியை வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு பக்கத்தில் ஊறுகாய் எண்ணெய். திட்டவில்லை.

எனக்கே சாப்பிட்டது போல் இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

மழை. கூடை திரும்பி வந்தது. பெரிய புத்தகம் வரவில்லை.

கடைசியாகக் கௌசல்யா கையில்தான் பார்த்ததாகச் சொன்னார்கள். வாரக் கடைசி என்று அவள் விக்கிரவாண்டியிலேயே இறங்கி ஊருக்குப் போய்விட்டாள். போன் எடுக்கவில்லை. பேருந்தில் சீட்டுக்கு அடியில், மேலே, எங்கும் இல்லை.

இரவு தோசை இறங்கவில்லை. "ஒரு புக்குக்கா இவ்ளோ?" என்றார் இவர். புத்தகத்துக்காக இல்லை. இத்தோடு எல்லாம் நின்றுவிடும். பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

செப்டம்பர் 13, சனி

விடியற்காலை பஸ்ஸில் விழுப்புரம். நேரே வார்டு.

அமுதா சிஸ்டர் மேசை மேல் புத்தகம்! உயிர் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நான்தான் வாங்கி வெச்சேன். டூட்டியில அந்தப் பாகத்த இன்னொரு தபா படிக்கலாம்னு. ஒங்க பொண்ணு சொல்லலியா?"

என்ன சொல்லவில்லை?

நேற்று மதியம் ஒரு பையனைத் தூக்கி வந்திருக்கிறார்கள். நாலு வயது இருக்கும். வாந்தி, ஓயாத அழுகை. எதையோ தின்றிருப்பான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பல்ஸ் பார்க்கக் கையைத் தொட்டது கௌசல்யா. உடம்பெல்லாம் வேர்வை, ஆனால் கை கால் ஜில்லென்று. எங்கே விளையாடினான் என்று கேட்டிருக்கிறாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொடிப் போருக்குப் பக்கத்தில் என்றதும் சிஸ்டரிடம் ஓடியிருக்கிறாள்.

"'தேளா இருக்குமோ சிஸ்டர்'னு கேட்டுச்சு மேடம். பாதத்துல பாத்தா கடிவாய். ஒடனே டாக்டரக் கூப்ட்டேன், ஜல்தியா மருந்து ஆரம்பிச்சிட்டாரு. எப்டிம்மா கண்டுபுடிச்சேன்னு கேட்டா, சாப்பிடும்போது இப்பத்தான் படிச்சேன்றா!"

பையனைப் பார்க்கக் கூட்டிப்போனார். இட்லி தின்றுகொண்டிருந்தான். அவன் அம்மா எழுந்து நின்று, "நர்சு பொண்ணுக்கு டீச்சருங்களா?" என்றாள். இல்லை, புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். நான் இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியின் கையைப் பிடித்ததில்லை. அந்தப் பையன் என் விரலைப் பிடித்து இழுத்தான், இட்லிக் கையோடு.

படியில் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேலு அண்ணன் போன். "புக்கு சிஸ்டருகிட்ட இருக்குதுன்னு அந்தப் பொண்ணு நேத்தே சொல்லிச்சு மேடம். டோல்கேட்டு பேஜாருல மறந்துட்டேன்." அவரையும் திட்டவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

சாயங்காலம் பிரின்சிபால் கூப்பிட்டார். புத்தகத்தோடு போனேன். அதற்குள் மருத்துவமனையிலிருந்து அவருக்குப் போன் வந்திருக்கிறது. புத்தகத்தைப் புரட்டினார். ஊறுகாய் எண்ணெய் பட்ட பக்கத்தில் நிறுத்தினார்.

"ஒரு வாரம்னு சொன்னேன் இல்ல? அத மறந்துடுங்க."

இன்னும் இரண்டு காப்பி வாங்கலாம் என்றார். பயிற்சி நடக்கும் மாதங்களில் நூலகம் எட்டு மணி வரை. நானும் விடுதி வார்டனும் மாற்றி மாற்றி இருக்க வேண்டும். மருத்துவமனை நர்சுகளும் உறுப்பினர் ஆகலாமா என்று கேட்டேன். "கேக்கணுமா? பாதிப் பேரு இங்க படிச்சவங்கதானே."

வெளியே கௌசல்யா, அப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கியவள். பாராட்டினால் தரையைப் பார்க்கிறாள். "எமர்ஜென்சி நர்சிங் புக்கும் கூடைல போடுவீங்களா மேடம்?" அவ்வளவுதான் பேச்சு.

செப்டம்பர் 17, புதன்

வெயில். புது உறுப்பினர் அட்டைகள் எழுதினேன். அமுதா சிஸ்டருடையது முதலில்.

பதினொரு மணிக்கு வாசலில் ஒருவர். வெள்ளை வேட்டி, தோளில் பை. மகளுக்கு மல்லாட்டை கொண்டுவந்தாராம். கௌசல்யாவின் அப்பா. இன்று ஒரு நாள் மட்டும் பயிற்சிக்குப் போகாமல் அவர்களுக்கு இங்கே வகுப்பு, மணியடிக்க நேரமிருந்தது. உள்ளே உட்காரச் சொன்னேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒங்க பொண்ணால ஒரு புள்ள பொழச்சிருக்கு, தெரியும்ல?" என்றேன்.

தெரியாது. "ரெண்டு நாளு ஊட்டுல இருந்தாளே, ஒரு வார்த்த சொல்லலியே மேடம்!"

முழுவதும் சொன்னேன். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். விரித்து வைத்தேன். ஆங்கிலம் தெரியாது அவருக்கு. படத்தின் மேல் விரல் வைத்து, "தேளு" என்றார். பிறகு தெரியாத வரிகள் மேலும் மெதுவாக விரலை ஓட்டிக்கொண்டே போனார், பக்கத்தின் அடிவரை.

"இத்தெல்லாம் படிச்சிதா எம்பொண்ணு?"

"படிச்சு, மத்தவங்களுக்கும் சொல்லிக் கொடுத்துது."

கூப்பிடட்டுமா என்று எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கிளாசுல இருக்குறா. இருக்கட்டும் மேடம். நான் உக்காந்துக்கினு இருக்கேன்."